நான்கு கட்டங்களில் ஒரு கட்டாரி
(பத்தாம் வகுப்பு மாணவி, சின்னாளப்பட்டி)

குறுக்கெழுத்துப் போட்டி வீண் பொழுதுபோக்கு என்பது பெரியவர்கள் பலரின் கருத்து. பாடப் புத்தகத்தை மூடிவிட்டுக் கட்டம் நிரப்பும் பெண்ணுக்கு வீட்டில் கிடைக்கும் அர்ச்சனையைத் தோழியர் அனைவரும் அறிவர். நான் கட்டங்களின் கட்சி. ஆனால் அந்தக் கட்சியிலும் ஒரு குறை உண்டு என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

'பழங்கால ஆயுதம், நான்கு எழுத்து' என்று குறிப்பு வந்தால் 'கட்டாரி' என்று நிரப்பிவிடுவோம். க, ட், டா, ரி. கட்டம் நிறைந்தது, மதிப்பெண்ணும் வந்தது. கட்டாரி எப்படி இருக்கும் என்று கேட்டால் மட்டும் விழிப்போம். அகராதி 'குத்துவாள்' என்கிறது. அதுவும் போதாது. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் தஞ்சை அரண்மனை ஆயுதசாலையிலிருந்து வந்த கட்டாரிகள் உள்ளன. மற்றக் கத்திகளைப் போல நீண்ட கைப்பிடி இதற்கு இல்லை. இரண்டு பக்கமும் இரும்புச் சட்டம், நடுவே குறுக்குக் கம்பி. அந்தக் கம்பியை முட்டியால் இறுகப் பிடித்தால் வாள் விரல்களுக்கு முன்னே நீண்டு நிற்கும். கையால் குத்துவதும் குத்துத்தான், கத்தியால் குத்துவதும் குத்துத்தான். கட்டாரியில் இரண்டும் ஒன்றே! இந்தச் சொல் தெலுங்கிலும் இந்தியிலும் சற்றே உருமாறி வழங்குகிறது. யார் யாருக்குக் கொடுத்தது என்று அறிஞர்கள் வாதாடட்டும்.

ஆங்கிலத்திலும் இப்படி ஒரு சொல் உண்டு: 'ஸ்னீ'. டச்சு மொழியில் 'குத்து', 'வெட்டு' என்று பொருள்படும் இரு சொற்கள் ஆங்கிலத்தில் ஒட்டி 'ஸ்னிக்கர்ஸ்னீ' என்னும் கத்தியாயின. 1885-இல் லண்டனில் அரங்கேறிய 'மிகாடோ' இசை நாடகத்திலும் அச்சொல் வருகிறது. அதன் வால்தான் 'ஸ்னீ'. இன்று அதை யாரும் பேச்சில் சொல்வதில்லை. நான்கே எழுத்து, அதில் இரண்டு உயிரெழுத்து என்பதால் குறுக்கெழுத்துக்காரர்களுக்கு மட்டும் அது செல்லப்பிள்ளை. கட்டாரிக்கும் அந்தக் கதிதானா?

கட்டாரி தானாக மறையவில்லை. நம் பக்கத்து விருப்பாச்சியின் கோபால நாயக்கர் 1801-இல் தூக்கிலிடப்பட்டார். அவ்வாண்டு டிசம்பரிலேயே பாளையங்களில் ஆயுதம் வைத்திருக்கக் கூடாதென்று ஆங்கிலேயர் பிரகடனம் செய்தனர். 1878-இல் ஆயுதச் சட்டமும் வந்தது. பொருள் கையை விட்டுப் போனபின் சொல் மட்டும் எத்தனை நாள் நாவில் தங்கும்? ஆயுதம் போனதற்காக நான் அழவில்லை. ஆனால் அது போன வழி தெரிய வேண்டாமா?

நம் ஊர்ச் சொற்களையும் எண்ணிப் பாருங்கள். எங்கள் வீட்டில் குழித்தறி உண்டு. அப்பா நெய்வார், அம்மா தார் சுற்றுவார். வகுப்பில் 'தார்' என்றால் சாலையில் ஊற்றுவது, அல்லது வாழைத்தார். 'விழுது' என்றால் ஆலமரம். பாவு நூல்களைத் தூக்கி இறக்கும் விழுதைத் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகளே மறந்து வருகிறார்கள். விசைத்தறி வந்தபின் குழித்தறிகள் குறைந்துவிட்டன. இந்தச் சொற்களைப் பறிக்க எந்தப் பிரகடனமும் தேவைப்படவில்லை. இன்னும் ஐம்பது ஆண்டில் யாரோ ஒரு பெண் 'பழங்காலத் தறி உறுப்பு, மூன்று எழுத்து' என்று படித்துவிட்டுப் பெருமூச்சு விடுவாளோ என்று எனக்கு அச்சமாக இருக்கிறது.

அதற்காக விளையாட்டை விடச் சொல்வேனா? மாட்டேன். வீரமாமுனிவர் 1732-இல் தொகுத்த சதுரகராதியின் நான்காம் பகுதி 'தொடை'. செய்யுள் கட்டுவோருக்கு உதவ எதுகைச் சொற்களை அதில் அடுக்கி வைத்தார். ஓசைக்காகச் சொல் தேடுவதை அவர் வீண் வேலையாக நினைக்கவில்லை. அதே நூலில் பொருளுக்கும் தனிப் பகுதி வைத்தார். அதுதான் நாம் கவனிக்க வேண்டியது.

எனவே அருட்சகோதரிகளிடம் ஒரு விண்ணப்பம். இலக்கிய மன்றச் சொற்போட்டியில் கட்டத்தை நிரப்பினால் பாதி மதிப்பெண் தாருங்கள். அந்தப் பொருளை வரைந்தோ கையால் செய்து காட்டியோ விளக்கினால் மீதிப் பாதி. குறிப்புகளும் 'பழங்கால ஆயுதம்' என்று மொட்டையாக வேண்டாம். 'முட்டியால் பிடித்துக் குத்தும் வாள், நான்கு கட்டம்' என்று இருக்கட்டும். அதற்குக் கீழே இன்னொன்று: 'ஊடையைச் சுமந்து பாவுக்குள் ஓடுவது, இரண்டு கட்டம்.'

விடை நாடா. தோழியரே, பாவாடையில் கோர்ப்பது அல்ல!