கீச்... கீச்..!

எங்கள் வீட்டு மாருதி 800 திடீரென்று பாட ஆரம்பித்தது. பிரேக்கில் கால் வைத்தால் 'கீச்'. காலை எடுத்தால் மௌனம்.

"ஏங்க, பானெட்டுக்குள்ள எலி பூந்துடுச்சா?" என்றாள் என் சகதர்மிணி. பொறி வாங்குவதா, பூனை வாங்குவதா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோதே, அவள் வண்டியையும் என்னையும் மெக்கானிக்கிடம் ஓட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அவர் முன்சக்கரத்தைக் கழற்றி, கறுப்பாக ஒன்றை உருவி எடுத்தார். பிரேக் பேட். புதுசில் ஒரு விரல் தடிமன் இருக்கும் சமாசாரம், பப்படம் மாதிரி இருந்தது. பேட் தேய்ந்து 2, 3 மில்லிமீட்டருக்கு வந்தால், ஓரத்தில் இருக்கும் சின்னத் தகடு டிஸ்கில் உரசிக் கத்துமாம். அலாரம்! நாம்தான் எலி என்கிறோம்.

அதோடு விட்டிருக்கலாம். மனுஷர் பேடை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "வெடிச்சிருக்கு பாருங்க. டூப்ளிகேட் சார் இது. மலைக்குப் போயி பிரேக்லயே எறக்கினீங்களா?"

சகதர்மிணி பக்கத்திலேயே நின்றாள். நான் அவசரமாக, "பழசைக் குடுங்க, சாம்பிளுக்கு வேணும்" என்று வாங்கிக்கொண்டு ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்கு நடையைக் கட்டினேன்.

அந்த ரோட்டில் காரைத் துண்டு துண்டாக வாங்கிக்கொண்டு வந்து வீட்டில் முழுசாகப் பூட்டிக்கொள்ளலாம். கடைக்காரர் மூன்று டப்பாக்களை வரிசையாக வைத்தார்.

"இது ஒரிஜினல். இது வேற நல்ல கம்பெனி. இது..." என்று மூன்றாவதைத் தொட்டவர், "ஓடும் சார்" என்றார்.

"நிக்குமா?" என்றேன். சிரித்தார். பதில் சொல்லவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் வாங்கியது அந்த மூன்றாவது டப்பாதான். 300 ரூபாய் மிச்சம். இப்போது உங்களிடம் மட்டும் சொல்கிறேன். அந்த மே மாதம் குடும்பத்தோடு ஏற்காடு போனோம். 20 கொண்டை ஊசி வளைவு. இறங்கும்போது செகண்ட் கியரில் வண்டியை அடக்கிக்கொண்டு வரவேண்டும் என்பது லாரி கிளீனருக்குக்கூடத் தெரியும். நான் மூன்றாவது கியரில், பிரேக்கை மிதித்தபடியே சொகுசாக இறங்கினேன். பாதி வளைவு தாண்டியதும் ரப்பர் கருகுகிற மாதிரி ஒரு வாசனை. அடுத்த வளைவில் மிதிக்கிறேன், பெடல் கல் மாதிரி இருக்கிறது, வண்டி மட்டும் போய்க்கொண்டே இருக்கிறது! பேட் ஒரு அளவுக்கு மேல் சூடானால் பிடிமானம் போய்விடும். மட்ட ரக பேடுக்கு அது சீக்கிரமே போய்விடும். செகண்ட், ஃபர்ஸ்ட், ஹாண்ட் பிரேக் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் இழுத்தேன். கைப்பிடிச் சுவருக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

பின்சீட்டில் அம்மா, மடியில் பெண். "என்னப்பா நிறுத்திட்டே?"

"வியூ நல்லாருக்கும்மா."

இறங்கி எல்லோரும் வியூ பார்த்தார்கள். புளியோதரை சாப்பிட்டார்கள். எனக்கு மட்டும் கை நடுக்கத்தில் சாதம் வாய்க்குப் போகவில்லை.

"முதல் டப்பாவைக் குடுங்க" என்றேன். கடைக்காரர் ஹோலோகிராமைக் காட்டினார். பில் கேட்டதும் முகம் சுளிக்காமல் எழுதினார். பில் தரத் தயங்குகிற கடையில் ஒரிஜினலே இருந்தாலும் நான் இனி வாங்குவதாக இல்லை. அப்படியே பிரேக் ஆயிலும் ஒரு டப்பா. அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் ஜாதி. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். நாங்கள் கடைசியாக எப்போது மாற்றினோம் என்பது தொல்பொருள் துறை ஆராயவேண்டிய விஷயம்.

வலது பக்க பேட் கொஞ்சம் பரவாயில்லை என்று தோன்றியதால், "ஒரு பக்கம் மட்டும் மாத்தினா போதாதா?" என்று மெக்கானிக்கிடம் கேட்டுப் பார்த்தேன். புத்தி போகுமா! "ஒரு கால்ல புதுச் செருப்பு, ஒரு கால்ல பழசு போட்டு ஓடிப் பாருங்க சார். வண்டி ஒரு பக்கமா இழுக்கும்" என்றார். சக்கரத்திலிருந்த கறுப்புத் தூசியை நான் வாயால் ஊதப் போக, கையைப் பிடித்துத் தடுத்தார். பழைய மட்ட ரகங்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாமாம், நுரையீரலுக்கு ஆகாது. ஈரத்துணியால் துடைத்தார்.

"முதல் 200, 300 கிலோமீட்டர் சடன் பிரேக் போடாதீங்க. பேடும் டிஸ்கும் பழகணும்" என்று சாவியை நீட்டினார். போன மாதம்தான் லைசென்ஸ் எடுத்த என் பெண் அதைச் சட்டென்று வாங்கிக்கொண்டாள்.

முதல் சிக்னல். சிவப்பு. மிதித்தாள். சத்தமே இல்லாமல், கோட்டுக்கு முன்னால் வெண்ணெய் மாதிரி நின்றது வண்டி. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

பின்சீட்டிலிருந்து குரல். "ஏங்க, அன்னிக்கு ஏற்காட்டுல வியூ பாக்கவா நிறுத்தினீங்க?"

நான் கண்ணாடியை இறக்கிவிட்டு வெளியே பார்த்தேன். சிக்னலில் வியூ ஒன்றும் இல்லை.