உயர்கணக்கு தமிழுக்கு எட்டாக் கனியா?

தமிழில் பாட்டெழுதலாம், கதையெழுதலாம், மேடையேறி முழங்கலாம்; உயர்கணக்கு மட்டும் தமிழில் நடவாது என்பார் இன்னும் நம்மிடையே உளர். இவருள் ஆங்கிலேயர் ஒருவரும் இலர். தமிழ்ப்பால் உண்டு வளர்ந்து, தமிழ்ப்பள்ளியில் வாய்பாடு ஒப்பித்து, பின்பு கல்லூரியில் கணக்கு கற்பிக்கும் நம்மவரே இதனைச் சொல்கின்றனர். பள்ளிக் கணக்கைத் தமிழ் தாங்குமாம். அதற்குமேல் ஏற்றினால் முதுகு முறியுமாம்! "இருபதாம் நூற்றாண்டுக் கணக்கில் ஒரு கருத்தையாவது தமிழில் சொல்லுங்கள் பார்ப்போம்" என்று அறைகூவுகின்றனர். சொல்வோம். அவர்கள் அண்ணாந்து பார்க்கும் துறை ஒன்றையே எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தார் 'கேட்டகரி தியரி' என்பதனை நாம் வகையக் கோட்பாடு என்போம். வகு என்னும் வேரினின்று வகுப்பு, வகை, வகையினின்று வகையம்.

இதனை விளக்கக் கரும்பலகை வேண்டா. குளக்கரை ஒன்று போதும். தென்காசி மாவட்டத்துக் கீழப்பாவூரை நினைத்துக்கொள்ளுங்கள். குற்றால மலையினின்று இழிந்து பொருநையிற் கலக்கும் சிற்றாற்றின் பாய்ச்சல் நிலம் அது. அங்குள்ள உழவர் அணைக்கட்டு, கால், குளம், மடை, மறுகால், வயல் என்னும் சொற்களை எவரிடமும் கடன் வாங்கவில்லை. அணைக்கட்டு, மேலைக்குளம், கீழைக்குளம், வயல் என நான்கு இடங்களைக் கொள்க. இவை பொருள்கள். ஓரிடத்தினின்று மற்றோரிடத்திற்கு நீர் செல்லும் ஒவ்வொரு வழியும் ஒரு கணை. அணைக்கட்டினின்று மேலைக்குளத்திற்கு ஒரு கணை. மேலைக்குளம் மறுகால் பாய்ந்து கீழைக்குளத்திற்கு ஒரு கணை. கீழைக்குளத்து மடை திறந்து வயலுக்கு ஒரு கணை. ஒரு கணை முடியும் இடத்தில் அடுத்த கணை தொடங்குமாயின் இரண்டையும் கோத்து ஒரே கணையாக்கலாம், அது கோவை. ('கோர்த்தல்' என்று எழுதுவது பிழை, கோத்தல் என்பதே திருந்திய வடிவம்.) நீர் நின்ற இடத்திலேயே நிற்பதும் ஒரு கணையே, அது நிலைக்கணை. அதனை எதனோடு கோத்தாலும் மற்றது மாறாது. மூன்று கணைகளைக் கோக்கும்போது முதல் இரண்டை முன்னர்க் கோத்தாலும், பின் இரண்டை முன்னர்க் கோத்தாலும் முடிவு ஒன்றே.

அவ்வளவுதான். பொருள், கணை, கோவை, நிலைக்கணை, கோக்கும் ஒழுங்கு: இவை உள்ள எதுவும் வகையம். அண்ணாந்து பார்த்த கோட்டையின் தலைவாயில் இதுவே!

இங்கே ஒரு நுட்பத்தை மறத்தல் கூடாது. அணைக்கட்டினின்று கீழைக்குளத்திற்கு இரண்டு கால்வழிகள் இருப்பின் அவை இரண்டு கணைகள். 'தொடர்பு உண்டு' என்று சொல்லி விட்டுவிடுவதன்று கணக்கு. எவ்வழியில் தொடர்பு என்பதும் வேண்டும். மற்றொன்று: சென்ற கணைக்கு எதிராக மீண்டு வரும் கணை ஒன்றிருந்து, இரண்டையும் எம்முறையிற் கோத்தாலும் நிலைக்கணையே கிடைக்குமாயின் அது மீள்கணை. நீர் மேட்டுக்கு மீளாது. ஆகவே நம் வாய்க்கால் வகையத்தில் நிலைக்கணையன்றி மீள்கணை வேறில்லை.

இனி, ஒரு வகையத்தை மற்றொன்றாகப் பெயர்த்தல். பொருளைப் பொருளாகவும், கணையைக் கணையாகவும், கோவையைக் கோவையாகவும், நிலைக்கணையை நிலைக்கணையாகவும் கொண்டு சேர்ப்பது எதுவோ அது பெயர்ப்பி. 'பங்க்டர்' என்று பல்லைக் கடித்துச் சொல்வது இதனையே. ஒவ்வொரு நீர்வழிக்கும் அதன் நீளத்தைக் குறித்துக்கொண்டு வாருங்கள். இரு வழிகளைக் கோத்தால் நீளங்கள் கூடுகின்றன. நின்ற நீருக்கு நீளம் சுழி. நீர்வழிகளின் வகையம் எண்களின் வகையமாகப் பெயர்ந்துவிட்டது. அந்த எண் வகையத்தில் பொருள் ஒன்றே ஒன்று, எண்களே கணைகள், கூட்டலே கோவை. ஊர்க் கணக்கர் சங்கிலி பிடித்து அளந்த நாளெல்லாம் இதனைச் செய்துகொண்டுதான் இருந்தார்; பெயர்தான் இடவில்லை.

மூன்றாவது கருத்தே இத்துறையின் உயிர். இதற்கு நம் எழுத்தையே காட்டாகக் கொள்வோம். ஓர் எழுத்துக் கூட்டத்தை எடுத்து, அவ்வெழுத்துகளால் அடுக்கக்கூடிய எல்லாச் சரங்களையும் (பொருள் உள்ளனவாயினும் இல்லனவாயினும்) ஆக்குவது ஒரு பெயர்ப்பி. எழுத்துக்கு எழுத்து மாற்றும் பட்டி ஒன்று இருப்பின், அது சரத்தையும் அவ்வாறே மாற்றும். 'கு'வுக்குப் 'ப', 'ள'வுக்கு 'யி', 'ம்'முக்கு 'ர்' என்பது பட்டி. குளம் பயிராகிவிடும்! இப்போது சரத்தைத் தலைகீழாக்குவோம், மாலைமாற்றுப் பாடுவோர் செய்வதுபோல. குளம் என்பதனை முதலில் பயிர் ஆக்கிப் பின் தலைகீழாக்கினால் ர், யி, ப. முதலில் தலைகீழாக்கி ம், ள, கு என நிறுத்திப் பின் பட்டிப்படி மாற்றினாலும் ர், யி, ப. எவ்வழிச் செல்லினும் முடிவு ஒன்றே. எந்தக் கூட்டத்திற்கும் எந்தப் பட்டிக்கும் இது பொருந்தும். தலைகீழாக்குதல் எழுத்தின் முகம் பார்ப்பதில்லை. இஃது இயல்மாற்றம்.

இனி நெடுங்கணக்கு வரிசையில் அடுக்கிப் பாருங்கள். குளம் முதலில் கு, ம், ள ஆகும். பட்டிப்படி மாற்றினால் ப, ர், யி. பயிர் ஆக்கிவிட்டு அடுக்கினாலோ ப, யி, ர். இரண்டும் ஒவ்வா. ஏன்? அடுக்குவதற்கு நாம் வெளியிலிருந்து ஒரு வரிசையைக் கொண்டுவந்து திணித்தோம். எவர் திணிப்பும் இன்றித் தானே அமைவது இயல். திணித்தாலன்றி அமையாதது இயலன்று. திணிப்பு இன்னதென்று தமிழனுக்கு யாம் விளக்க வேண்டுமா?

இக்கருத்தைப் பிடிக்கவே இத்துறை பிறந்தது. போலந்தில் பிறந்து 1939இல் அமெரிக்கா சென்ற சாமுவேல் ஐலன்பர்கும், அமெரிக்கரான சாண்டர்சு மக்லேனும் 1942இல் தொடங்கி, 1945இல் வெளியிட்ட கட்டுரையில் இதனை முழுமையாக வகுத்தனர். இயல்மாற்றத்தை வரையறுக்கப் பெயர்ப்பி வேண்டியிருந்தது. பெயர்ப்பியை வரையறுக்க வகையம் வேண்டியிருந்தது.

அச்சொற்களை அவர்கள் எங்கிருந்து பெற்றனர்? இங்கேதான் நம் ஆங்கிலப் பற்றாளர் காது கொடுக்க வேண்டும். 'கேட்டகரி' என்பதனை மெய்யியலார் அரித்தாட்டிலிடமும் காண்டிடமும் எடுத்தனர். 'பங்க்டர்' என்பதனை ஏரண அறிஞர் கார்னாப்பின் நூலினின்று எடுத்துப் பொருளை மாற்றிக்கொண்டனர். 'இயல்' என்பதற்குரிய ஆங்கிலச் சொல்லோ கணக்கறிஞர் பேச்சில் முன்பே உலவியது. மக்லேன் தம் 1971ஆம் ஆண்டு நூலில் இதனை மறைக்காமல் எழுதியிருக்கிறார். எந்தச் சொல்லும் கணக்கைக் கருவில் சுமந்துகொண்டு வரவில்லை. கருத்தை வரையறுத்து, கிடைத்த சொல்லுக்கு அதனை ஏற்றினர். கிரேக்கச் சொல்லுக்கும் செருமானியர் சொல்லுக்கும் ஏறிய கருத்து தமிழ்ச் சொல்லுக்கு மட்டும் ஏறாதோ?

'மார்பிசம்' என்று அப்படியே எழுதிவிட்டால் என்ன என்பார் உளர். கிரேக்கத்தில் அதன் வேர் 'வடிவு' என்று பொருள்படும். நம் வாய்க்கால் எந்த வடிவைக் காக்கிறது? அச்சொல் பிறந்த மொழியிலேயே அதற்கு அரைப்பொருத்தந்தான்; ஆகவேதான் ஆங்கிலத்தாரே 'அம்பு' என்று பொருள்படும் சொல்லையும் உடன் வழங்குகின்றனர். கணை என்றால் பிள்ளைக்கு உடனே விளங்கும். மீள்கணை, தன்னிடமே திரும்பும் தன்கணை, இரண்டும் ஆன தன்மீள்கணை என்று கிளைக்கவும் கிளைக்கும். அயற்சொல்லை அப்படியே நட்டால் ஒவ்வொன்றும் வேரற்ற கட்டை. ஒன்றைக் கற்றவன் மற்றொன்றை உய்த்துணர வழியில்லை.

சப்பானியரைப் பாருங்கள். வகையத்தை அவர்கள் 'கென்' என்பர். வட்டம், எல்லைப் பரப்பு என்று பொருள். கணைக்கு அவர்கள் வைத்த சொல் 'சா'. அம்பெய்தல் என்று பொருள்! இவை சீன எழுத்தாலான சொற்களே என்பது மெய்தான். எனினும் ஆங்கிலத்தை அவர்கள் அண்டவில்லை. பல்கலைக்கழகக் கணக்கைத் தம் மொழியில் கற்பிக்கும் அந்நாட்டினின்றே நொபுவோ யொனேதா தோன்றினார். ஒரு பொருளின் உள்ளே என்ன இருக்கிறதென்று பாராமலே, அதனை நோக்கி வரும் எல்லாக் கணைகளையும் அவற்றின் கோவையையும் கொண்டே, மீள்கணையளவில் அப்பொருளை அறுதியிடலாம் என்பது அவர் பெயர் தாங்கிய துணைத்தேற்றத்தின் சாறு. தாய்மொழியிற் கற்றதனால் அவர் அறிவு கூர் மழுங்கியதா?

தென்காசி மண்ணுக்கும் கணக்கு புதிதன்று. குற்றாலத்தை அடுத்த வல்லத்தில் 1901இல் பிறந்தவர் எசு. எசு. பிள்ளை. எந்த முழு எண்ணையும் 73க்கு மேற்படாத ஆறாம் அடுக்கு எண்களின் கூட்டாக எழுதலாம் என்று 1940இல் மெய்ப்பித்தவர். அமெரிக்காவில் நடந்த உலகக் கணக்கறிஞர் மாநாட்டிற்குச் செல்லும் வழியில் 1950இல் கெய்ரோவை அடுத்து வானூர்தி வீழ்ந்து மறைந்தார். அதே மாவட்டத்துச் சங்கரன்கோவிலில் 1902இல் பிறந்தவர் மொழிஞாயிறு பாவாணர். ஓராண்டு இடைவெளியில் கணக்குக்கு ஒருவர், சொல்லுக்கு ஒருவர். இவ்விரண்டையும் கோக்கத்தான் ஆளில்லை.

அதனால் இழப்பவர் யார்? பீடி சுற்றிப் படிக்கவைக்கும் தாயின் பிள்ளை. தமிழில் பன்னிரண்டாண்டு கணக்கு கற்று முதல் மதிப்பெண் வாங்கியவன், கல்லூரியில் நுழைந்ததும் கருத்து விளங்காமலன்று, சொல் விளங்காமல் ஊமையாகிறான். இதற்கு மருந்து கண்டார்களா? 2012-13இல் அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கிலவழிப் பிரிவுகளைத் திறந்தார்கள்! கால் நோகிறது என்றவனுக்குச் செருப்புத் தராமல், காலை வெட்டிக்கொள் என்ற கதை.

நம் பக்கத்தாரையும் ஒன்று கடிந்தாக வேண்டும். 1916இல் மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கம் கண்டார். அதே ஆண்டில் சேலத்தில் இராசாசி முதலானோர் அறிவியற் சொல்லாக்கத்திற்குக் கழகம் அமைத்தனர். 1938இல் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் கலைச்சொல் தொகுதி வெளியிட்டது. அன்றுதொட்டுப் பட்டியல்மேல் பட்டியல். பட்டியல் என்பது கணையில்லாப் பொருள்களின் குவியல். வாக்கியத்தில் மற்றச் சொற்களோடு கோக்கப்படாத சொல்லுக்கு உயிரில்லை. ஈழத்தில் மேனிலைப் பள்ளி முடியக் கணக்கைத் தமிழிலேயே கற்பிக்கின்றனர். அங்கே 'தொடை' என்று தூய தமிழில் வழங்குவதை இங்கே 'கணம்' என்று வடசொல்லால் எழுதுகிறோம். இரு கரையாரும் ஒருவர் நூலை ஒருவர் எடுத்துப் பார்த்திருந்தால் இந்நிலை வருமா?

வகையக் கோட்பாட்டில் செய்யவேண்டியன இன்னும் பல. ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் செல்லும் இரு பெயர்ப்பிகள் கணைகளை ஒன்றுக்கொன்றாய் இயல்புற இணைத்து நிற்கும் அமைப்பைத் தானியல் கான் 1958இல் வகுத்தார். அதற்கு 'அணைவுப் பெயர்ப்பிகள்' என்றொரு சொல் எமக்குத் தோன்றுகிறது. இதனினும் நல்லது காண்போர் எழுதுக. தனிச்சொல்லாக விடுக்காமல், ஒரு பக்க விளக்கமும் ஒரு காட்டும் சேர்த்து எழுதுக.