நின்று பேசிய காலம் போயிற்று

 

நம் பாட்டன்மார் வேலைக்கென்று நேர்முகப் பேட்டிக்குப் போனவர்கள் அல்லர். ஊரிலே கங்காணி வந்தார், பெயரைக் கேட்டார், கப்பலில் ஏற்றினார். இங்கே வந்து இறங்கியதும் கையிலே கத்தியோ மண்வெட்டியோ கொடுக்கப்பட்டது. 1938ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் ஆள் அனுப்புவதை நிறுத்தும்வரை பெரும்பாலும் இப்படித்தான் நடந்து வந்தது. பின்னர் லயத்திலே பிறந்த பிள்ளைகளுக்கு அந்தக் கங்காணியும் வேண்டியிருக்கவில்லை. அப்பன் பெயர் செக்ரோலில் இருந்தது. மகன் பெயரும் அதன் கீழே ஏறியது. துரையின் முன்னே நிற்க நேர்ந்தால், ஆபீசு வாசலில் தலை தாழ்த்தி நின்று, கேட்டதற்கு மட்டும் "ஆமாங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்புவதே மரியாதை என்று நமக்குப் பழக்கிவிட்டார்கள்.

அந்தப் பழக்கம் இன்று நம் பிள்ளைகளின் சோற்றில் கை வைக்கிறது. இதைப் பற்றித்தான் இந்த இதழில் பேசப்போகிறோம்.

1896இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர்க் கன்றுகளை நட்டார் என்பது நம் மலாக்கா மாநிலத்தின் பெருமை. அதே மாநிலத்தில் இன்று பல தோட்டங்களிலே ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. வேறு சில இடங்களில் செம்பனையும் போய், வீடமைப்புத் திட்டங்கள் எழுந்துவிட்டன. ஜாசினிலும் அலோர் காஜாவிலும் தோட்டத்திலே பிறந்த பிள்ளைகள் பத்து பெரெண்டாம், ஆயர் குரோ, செங் என்று தொழிற்பேட்டைகளை நாடிப் போகிறார்கள். பத்து பெரெண்டாமில் 1973இல் ஜெர்மானியக் கம்பெனி தொடங்கிய மின்னணுத் தொழிற்சாலை, இன்று இன்பினியோன் என்ற பெயரில் நடக்கிறது. அத்தகைய வாசல்களில் அப்பன் பெயரைச் சொல்லி நுழைய முடியாது. மலாயிலே தெமு டுகா என்கிறார்களே, அந்தப் பேட்டியில் நம் பிள்ளை தனியாக உட்கார்ந்து, தன் வாயால் தன்னைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது நாம் எல்லாரும் அறிந்த பழமொழிதான். ஆனால் வாயை மூடு என்று சொல்லியல்லவா பிள்ளையை வளர்த்தோம்!

இதை எழுதுபவனும் அந்த வளர்ப்பில் வந்தவன்தான். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்து, பிறகு இடைநிலைப்பள்ளி முடித்து, எஸ்.பி.எம். சான்றிதழோடு ஒரு தொழிற்சாலையின் பேட்டிக்குப் போனேன். மேசைக்கு அப்பால் இருவர். "உம்மைப் பற்றிச் சொல்லும்" என்றார் ஒருவர். அப்பா பெயர், அம்மா பெயர், உடன்பிறந்தோர் எத்தனை பேர், எந்தத் தோட்டம் என்று ஒப்பித்தேன். "என்ன வேலை தெரியும்?" என்றார் மற்றவர். "ஒன்றும் தெரியாது துவான், சொல்லிக் கொடுத்தால் செய்வேன்" என்றேன். அடக்கமாகப் பேசிவிட்டோம் என்ற திருப்தியோடு வெளியே வந்தேன். வேலை கிடைக்கவில்லை.

ஒன்றும் தெரியாதா எனக்கு? பள்ளி விடுமுறை தோறும் அம்மாவோடு இருட்டிலேயே வெட்டுக்காட்டுக்குப் போய் மங்கு துடைத்தவன் நான். ஸ்டோரிலே பால் நிறுத்து, எடையை நோட்டிலே குறித்து, கிராணியின் கணக்கோடு ஒத்துப் பார்த்தவன். இரண்டு வாளி எடையில் தவறு கண்டுபிடித்துத் திருத்தச் செய்ததும் உண்டு. பொருளைச் சரிபார்த்துக் கணக்கெழுதும் வேலைக்குத்தான் அன்று அவர்கள் ஆள் தேடினார்கள். நான் செய்த வேலையை வேலை என்றே நான் நினைக்கவில்லை. அதுதான் கோளாறு.

தோழர்களே, நம் தொழிலை ஒரு கணம் வெளியாள் கண்ணால் பாருங்கள். ஒரு வெட்டுக்கு 500 மரத்துக்குக் குறைவில்லை. ஒவ்வொரு மரத்திலும் பட்டையின் உள்ளே வளர்படைக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் இடம் விட்டுக் கத்தி நிற்க வேண்டும். ஆழம் மிஞ்சினால் மரத்தில் காயம், குறைந்தால் பால் இல்லை. சீவும் பட்டையும் தடித்துவிடக் கூடாது. இன்று அதிகம் சீவினால் நாளை வெட்டுவதற்குப் பட்டை இராது. இத்தனையும் விடியுமுன்னே, தலைவிளக்கு வெளிச்சத்தில், வெயில் ஏறிப் பால் நிற்குமுன் முடிய வேண்டும். தொழிற்சாலைக்காரர்கள் தரக்கட்டுப்பாடு, நேரக்கட்டுப்பாடு என்று பெரிய பெயர் வைத்துப் பயிற்சி கொடுக்கிறார்களே, அதை நம் தாய்மார்கள் எத்தனை காலமாகச் செய்து வருகிறார்கள்! இதைக் கண்டு, உடனிருந்து செய்த பிள்ளை "எனக்கு ஒன்றும் தெரியாது" என்று சொல்வது பணிவு ஆகாது. உண்மையும் ஆகாது.

பேட்டி என்பது என்ன? 1998இல் ஷ்மிட், ஹன்டர் என்ற இரு அமெரிக்க அறிஞர்கள் 85 ஆண்டுக் கால ஆராய்ச்சிகளைத் திரட்டிப் பார்த்தார்கள். போகிற போக்கில் பேசி ஆளெடுப்பதைவிட, எல்லாரிடமும் ஒரே கேள்விகளை ஒழுங்காகக் கேட்டு மதிப்பிடும் பேட்டியே நல்ல வேலையாளை நன்கு இனங்காட்டுகிறது என்று கண்டார்கள். பெரிய கம்பெனிகள் பல இந்த முறைக்கு வந்துவிட்டன. அங்கே கேட்கப்படுவது பெரும்பாலும் நடந்த சம்பவம்: "ஒரு சிக்கலை நீர் எப்படித் தீர்த்தீர்? சக தொழிலாளியோடு கருத்து வேற்றுமை வந்தபோது என்ன செய்தீர்?" ஆகவே பேட்டிக்கு முந்தின வாரம் மூன்று சம்பவங்களை நினைவிலிருந்து எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். என்ன நேர்ந்தது, நீ என்ன செய்தாய், முடிவு என்ன ஆயிற்று - இவ்வளவும் இரண்டு நிமிடத்தில். எண்ணிக்கை சொல்ல முடிந்தால் சொல்லு. "கடுமையாக உழைப்பேன்" என்று எவனும் சொல்வான். "ஓர் ஆண்டில் இரண்டு நாள்தான் வேலைக்கு வராமல் இருந்தேன்" என்று, அது மெய்யாக இருந்தால், நீதான் சொல்ல முடியும்.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. தோட்டத்திலும் பசாரிலும் நாம் பேசும் மலாய் வேறு, பேட்டி அறையின் மலாய் வேறு. லூ, குவா என்ற சொற்கள் கடைத்தெருவோடு நிற்கட்டும். தன்னைச் 'சாயா' என்றும், எதிரில் இருப்பவரைத் 'துவான்', 'புவான்' என்றும் சொல்ல வேண்டும். 'அவாக்' என்பதும் அங்கே மரியாதைக் குறைவுதான். கேள்வி விளங்காவிட்டால், இன்னொரு முறை சொல்லும்படி கேட்பதில் வெட்கமில்லை. விளங்கியது போலத் தலையாட்டுவதுதான் கெடுதல். இதெல்லாம் ஒரே இரவில் வராது. வீட்டிலே சத்தமாகப் பேசிப் பழக வேண்டும்.

சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறாய் என்ற கேள்விக்கு "கொடுக்கிறதைக் கொடுங்கள்" என்று பதில் சொல்கிற பிள்ளைகளைக் கண்டால் நமக்கு நெஞ்சு எரிகிறது. தொழிற்சங்கக் குடும்பத்துப் பிள்ளை பேசுகிற பேச்சா இது? குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி என்பது 2025 பிப்ரவரி 1 முதல் ஐந்து பேருக்குக் குறையாத இடங்களிலும், அவ்வாண்டு ஆகஸ்டு 1 முதல் சிறிய இடங்களிலும் சட்டமாகிவிட்டது. 2023 முதல் வாரத்துக்கு 45 மணி நேரம்தான் சாதாரண வேலை நேரம். அதற்கு மேல் போனால் ஓவர்டைம். இவற்றைத் தெரிந்துகொண்டு, அந்த வேலைக்கு அக்கம்பக்கத்தில் என்ன கொடுக்கிறார்கள் என்று விசாரித்துக்கொண்டு, ஒரு தொகையை அமைதியாகச் சொல்ல வேண்டும். வேலை ஒரு மாதத்துக்கு மேற்பட்டதானால் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்பதும் சட்டம். அதைக் கேட்டு வாங்குவது துடுக்குத்தனம் ஆகாது.

பெண் பிள்ளைகளிடம் வேறொரு கேள்வி வருகிறது. "எப்போது கல்யாணம்? பிள்ளை பெற்றால் நின்றுவிடுவாயா?" ஆண் பிள்ளையிடம் இதை ஏன் கேட்பதில்லை? 2023 முதல் பிரசவ விடுமுறை 60 நாளிலிருந்து 98 நாளாகியிருப்பதால் சில முதலாளிமார் இப்படித் துருவுகிறார்கள் என்று தோன்றுகிறது. நம் பெண்கள் சண்டைக்குப் போக வேண்டாம். "வேலைக்கு வேண்டிய நேரத்துக்கு வந்து சேர என்னால் முடியும்" என்று சொல்லி நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் கேட்ட கேள்வியைத் தேதியோடு எழுதி வைத்துக் கிளைச் செயலாளரிடம் சொல்லிவிட வேண்டும். அதைக் கவனிப்பது சங்கத்தின் வேலை.

திறமை இருந்தும் வேலை கிடைக்காமல் போவது உண்டு. அதை மறைக்க நாம் தயாரில்லை. சிபாரிசும் பாகுபாடும் பேட்டி அறைக்குள்ளேதான் எளிதாகப் புகுந்துகொள்கின்றன. இந்தியாவில் மத்திய அரசாங்கம் கீழ்நிலை வேலைகளுக்குப் பேட்டியே வேண்டாம் என்று 2016 ஜனவரி 1 முதல் எடுத்துவிட்டதற்கு இதுவும் ஒரு காரணம். இங்கேயும் எல்லாரிடமும் ஒரே கேள்வி, மதிப்பெண்ணும் எழுத்தில் என்று முதலாளிமார் சங்கங்களிடம் நாம் கேட்க வேண்டிய காலம் வந்துவிட்டது. ஆனால் அது வரும்வரை பிள்ளை வீட்டில் உட்கார்ந்திருக்க முடியுமா?

பெற்றோருக்கும் ஒன்று. பேட்டிக்குப் பிள்ளையோடு கூடவே போய், "பார்த்துப் போடுங்க துவான்" என்று வாசலில் நின்று கெஞ்சாதீர்கள். அன்பினால் செய்கிறீர்கள், அறிவோம். ஆனால் பிள்ளையை அது குறுக்கிவிடுகிறது. முந்தின இரவே மைகார்டையும் சான்றிதழ்களின் அசலையும் நகலையும் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்; பஸ் நேரத்தை விசாரியுங்கள்; அது போதும். இன்னொன்றையும் கவனியுங்கள். கைப்பேசியிலே பேட்டி முடித்து, பெரும் சம்பளம் சொல்லி, தாய்லாந்துக்கோ கம்போடியாவுக்கோ டிக்கெட் அனுப்புகிறவனை நம்பவே வேண்டாம். 2022 முதல் நம் நாட்டுப் பிள்ளைகள் பலர் அப்படிப் போய் மோசடிக் கும்பல்களிடம் அகப்பட்டுப் பட்ட பாடு பத்திரிகைகளிலே வந்தது.

கிராணிமார் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். தோட்டத்துப் பிள்ளை விண்ணப்பத்தோடு வந்தால் நீங்களே எழுதிக் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார வைத்து, அவன் செய்த வேலைகளை அவன் வாயாலேயே சொல்லச் செய்து, அவன் கையாலேயே எழுத வையுங்கள். எழுதினதை அவன் பேட்டியில் தடுமாறாமல் சொல்வான். நீங்கள் எழுதினதை அவனால் சொல்ல முடியாது.

ஒவ்வொரு கிளையும் மாதம் ஒரு மாலை, சம்பளம் போட்ட மறுநாளாக இருந்தாலும் சரி, தோட்ட மண்டபத்தில் ஒரு மேசையும் மூன்று நாற்காலியும் போடட்டும். இரண்டில் கிராணியும், வெளியே தொழிற்சாலையில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளில் ஒருவரும் அமரட்டும். மூன்றாவதில் பேட்டிக்குப் போக இருக்கும் பிள்ளை. கேள்விகள் மலாயிலே. சுற்றிலும் அண்ணன் தம்பிகள் உட்கார்ந்து பார்க்கட்டும். சிரிக்கிறவர் அடுத்து அந்த நாற்காலிக்கு வரட்டும். நம் கிளைக்கு நாற்காலி தர ஆபீசிலே கேட்டாயிற்று. முதல் கேள்வியை நான் கேட்கிறேன்: "என்ன வேலை தெரியும்?"