இரவல் போன புத்தகம்

இரவல் கொடுத்த புத்தகம் வீடு திரும்புவதில்லை என்பது உலகத்தார் அனைவரும் ஒப்புக்கொண்ட உண்மை. பணத்தைக் கடன் வாங்கியவன் எதிர்ப்பட்டால் தலை குனிந்து போவான்; புத்தகத்தைக் கடன் வாங்கியவனோ தலை நிமிர்ந்து வந்து, "அடுத்தது என்ன வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்பான். ஆகையாற்றான் புத்தகப் பிரியர் பலர் அலுமாரியைப் பூட்டிச் சாவியை இடுப்பிற் செருகிக்கொள்கின்றனர். அவர்களைக் குறைகூற நாம் துணியோம். நாமும் நெடுங்காலம் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவராகவே இருந்தோம்.

எமது எண்ணத்தை மாற்றியவர் கல்முனைக் கடற்கரையோரத்தில் வாழ்ந்த ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர். பெயரை எழுதினால் அவர் கோபித்துக்கொள்வார், ஆதலின் எழுதவில்லை. அவர் வீட்டில் இரண்டு பெரிய அலுமாரிகள் நிறையப் புத்தகங்கள் இருந்தன. பூட்டு மட்டும் இல்லை. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கும், மருதமுனையில் தறியில் இருப்போருக்கும், வட்டைக்குப் போய்வரும் சம்மாந்துறை விவசாயிகளுக்கும் அவர் புத்தகம் கொடுப்பார். கொடுக்கும்போது கொப்பியில் அரைத்தாள் கிழித்து நான்கு வரி எழுதி உள்ளே வைப்பார். "இதன் முதல் அதிகாரம் கடினம், பொறுத்துக்கொள். மூன்றாவதில் உன் வாப்பாவைப் போன்ற ஒருவர் வருவார்" என்ற வகையில் இருக்கும் அந்தக் குறிப்பு.

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆந் திகதி, ஞாயிற்றுக்கிழமை காலை, கடல் எழுந்து வந்தது. இலங்கையிலேயே மிக அதிகமான உயிர்களைப் பறிகொடுத்தது எமது அம்பாறை மாவட்டந்தான். அந்தத் துயரை இங்கு விரித்தெழுத வேண்டியதில்லை; இப்பத்தியை வாசிக்கும் குடும்பங்களுள் அதை அறியாத குடும்பம் எது? ஆசிரியர் வீட்டார் உயிர் தப்பினர். அலுமாரிகள் இரண்டும் போயின. இரவல் விபரம் எழுதிவைத்திருந்த கொப்பியும் போயிற்று. மையித்துகளை அடக்கி முடியாத ஊரிலே புத்தகத்துக்காகக் கவலைப்படுவது வெட்கம் என்று எண்ணியோ என்னவோ, அவர் அதைப் பற்றி ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை.

சில மாதங்கள் சென்றன. ஒரு நாள் சம்மாந்துறையிலிருந்து ஓர் இளைஞர் சைக்கிளில் வந்து, அவர் தங்கியிருந்த உறவினர் வீட்டு வாசலில் நின்றார். "சேர், இது உங்கட புத்தகம். மூணு வருஷமா என்னட்டத்தான் கிடந்த" என்று சொல்லி ஒரு பொதியை நீட்டினார். அடுத்த கிழமை மற்றொருவர் வந்தார். செய்தி பரவப் பரவ, கடல் எட்டாத ஊர்களிலிருந்து புத்தகங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. ஓராண்டில் முப்பதுக்கு மேற்பட்டவை சேர்ந்துவிட்டன. சிலவற்றில் அவர் எழுதி வைத்த அரைத்தாளும் அப்படியே இருந்தது. நாம் பார்க்கச் சென்றபோது அவற்றை அடுக்கிக் காட்டி, "வைத்திருந்ததெல்லாம் போய்விட்டது, கொடுத்து வைத்தது மிஞ்சியிருக்கிறது" என்றார். 'கொடுத்து வைத்தவர்' என்று நாம் நாள்தோறும் சொல்லும் சொல்லுக்கு அன்றுதான் எமக்குப் பொருள் விளங்கிற்று.

திரும்பி வந்தவற்றுள் ஒன்று, சாய்ந்தமருதைச் சேர்ந்த கல்விமான் மர்ஹூம் எஸ்.எச்.எம். ஜெமீல் அவர்கள் தொகுத்த 'சுவடி ஆற்றுப்படை'. இலங்கை முஸ்லிம்கள் தமிழில் எழுதிய நூல்களைத் தேடித் திரட்டி, ஒவ்வொன்றையும் பற்றிக் குறிப்பெழுதி, 1990-களிலிருந்து பாகம் பாகமாக அவர் வெளியிட்ட நூல் அது. வெறும் பட்டியல் என்று கருதிப் பலர் அதைப் புரட்டாமலே விட்டுவிடுவர். ஆனால் அவர் அதற்கு இட்ட பெயரைச் சிறிது நின்று நோக்குதல் வேண்டும்.

ஆற்றுப்படை என்பது யாது? வள்ளலிடம் சென்று பரிசில் பெற்று மீளும் பாணனோ கூத்தனோ பொருநனோ, வழியிலே தன்னைப் போன்ற வறியவன் ஒருவனைக் காண்கிறான். "நான் இவ்வாறு பெற்றேன், நீயும் சென்று பெறுவாய்" என்று அவனுக்கு வழி சொல்லுகிறான். 'ஆறு' என்பது வழி. பத்துப்பாட்டிற் பாதி இவ்வகைப் பாட்டாகவே இருக்கின்றது. தனக்குக் கிடைத்த செல்வத்தை மறைத்து வைக்காமல், கிடைக்காதவனுக்கு இருக்கும் இடத்தைச் சொல்லுவதை ஒரு பெரிய இலக்கிய வகையாகவே வளர்த்தனர் நம் முன்னோர். ஒரு நல்ல நூலை வாசித்தவர் வாசியாதவருக்கு அதனை எடுத்துச் சொல்லுவதும் இதுவேயன்றோ?

அப்பாட்டுகளில் மற்றொரு நுட்பமும் உண்டு. "அங்கே போ, நன்றாக இருக்கும்" என்று சொல்லிவிட்டு அந்தப் பாணன் நடையைக் கட்டுவதில்லை. வழியில் எந்நிலம் வரும், அந்நிலத்து மக்கள் எத்தகையர், அவர்கள் என்ன உணவு தருவர், வள்ளல் எப்படி எதிர்கொள்வான் என்று ஒவ்வொன்றாக எடுத்துரைக்கிறான். நன்னனிடம் வழிப்படுத்தும் மலைபடுகடாத்திலோ, பாதையிலுள்ள குழிகளையும் வழுக்கும் இடங்களையும் பாம்புகளையும் பற்றிய எச்சரிக்கையும் சேர்ந்து வருகின்றது. நல்லதைச் சொல்லுவதோடு இடரையும் முன்கூட்டிச் சொல்லுபவனே உண்மையான வழிகாட்டி. "முதல் அதிகாரம் கடினம், பொறுத்துக்கொள்" என்று எமது ஆசிரியர் எழுதியது அந்த மரபின் தொடர்ச்சியென்றே நாம் கொள்கிறோம்.

இந்தக் கடற்கரைக்கு அம்மரபு புதிதன்று. 1942-ஆம் ஆண்டில், யுத்தகால உணவுற்பத்திப் பணிக்காக உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு வந்தார் மர்ஹூம் ஏ.எம்.ஏ. அஸீஸ். அவர் இக்பாலின் கவிதையில் தோய்ந்தவர். அக்காலத்திற்றான் காரைதீவின் மைந்தராகிய சுவாமி விபுலாநந்தரோடு அவருக்கு நட்பு உண்டாயிற்று. சுவாமியோ, ஷேக்ஸ்பியரின் நாடகங்களை ஆராய்ந்து 'மதங்க சூளாமணி' எழுதியவர். பின்னர் 1947-இல் 'யாழ் நூல்' தந்தவர். ஒருவர் சிவில் சேவை உத்தியோகத்தர், மற்றவர் துறவி. மதமும் தொழிலும் வேறு. இருவரையும் ஓரிடத்தில் அமர்த்தியது கல்வியின்மீதும் கவிதையின்மீதும் கொண்ட பற்று. அஸீஸ் அவர்கள் இங்கிருந்த நாளிலேயே கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கம் தோன்றிற்று என்பதும் மறக்கத்தக்கதன்று.

அடுத்த தலைமுறையில், பெரியநீலாவணையைச் சேர்ந்த கவிஞர் நீலாவணன் கல்முனை எழுத்தாளர் சங்கத்தை நிறுவி இளைஞர்களை ஒன்றுகூட்டினார். 1975-இல் அவர் மறைந்தார். மறு வருடம் 'வழி' என்னும் அவரது கவிதைத் தொகுதி வெளியாயிற்று. கவிஞர் போன பின்னும் கவிதை போகாமல் நின்றதற்குக் காரணம், அதனைப் பிறர் கையிற் சேர்க்க வேண்டும் என்று எண்ணியோர் இருந்தமையே.

எமது உள்ளத்தை இன்னும் மிகுதியாகக் கவர்வது, கல்முனையிலிருந்து நூல்கள் வெளியிட்ட ஓர் அமைப்பின் பெயர். 'எழுத்தாளர்' என்றோ 'பதிப்பகம்' என்றோ அதற்குப் பெயரில்லை. 'வாசகர் சங்கம்' என்பது பெயர். கல்முனைக்குடியின் கவிஞர் எம்.ஏ. நுஃமான் அதன் பின்னே நின்றார். யாழ்ப்பாணத்து அளவெட்டியிற் பிறந்த மஹாகவியின் 'கோடை' என்னும் பா நாடகம் 1970-இல் இச்சங்கத்தின் வெளியீடாக வந்தது. ஒரு நூல் தம்மைக் கவர்ந்தபோது, "நீங்களும் வாசியுங்கள்" என்று சொல்லுவதோடு நில்லாமல், அச்சிட்டே கொடுத்துவிட்ட வாசகர்கள் அவர்கள்! 1981-இல் நுஃமான் மொழிபெயர்த்த 'பலஸ்தீனக் கவிதைகள்' அதே சங்கத்தின் பெயரால் வெளிவந்தது. மொழிபெயர்ப்பும் ஓர் ஆற்றுப்படைதான். தூரதேசத்து மக்களின் துயரத்தை ஆங்கிலத்தில் வாசித்த ஒருவர், ஆங்கிலம் அறியாத தம் ஊராருக்கும் அது கிட்ட வேண்டும் என்று வழி சமைத்தார்.

அதே 1981-இற்றான் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அக்கொடுமையைப் பாடிய நுஃமானின் 'புத்தரின் படுகொலை' என்னும் கவிதையை இன்றும் தமிழுலகு நினைவுகூர்கின்றது. யாழ்ப்பாணத்து நூலகத்துக்காகக் கல்முனைக்குடியைச் சேர்ந்த ஓர் உள்ளம் எரிந்தது என்பதை எமது மாணவர்கள் அறிதல் வேண்டும்.

பின்னர் வந்த காலம் கொடிது. பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் எனத் தமிழரும் முஸ்லிம்களும் மாறி மாறி வாழும் ஊர்கள் ஒரே வீதியிற் கோத்த மணிகள் போன்றவை. 1990-ஐ அடுத்த ஆண்டுகளில் அந்தக் கோவை அறுந்தது. ஓர் ஊரார் அடுத்த ஊருக்குச் செல்ல அஞ்சிய நாட்கள் அவை. மனிதர் போகாத இடத்துக்குப் புத்தகம் மட்டும் எப்படிப் போகும்? அன்று இரு பக்கத்திலும் வளர்ந்த பிள்ளைகள் பலர், அடுத்த ஊர்க் கவிஞன் பெயரைக் கேள்விப்படாமலே வளர்ந்துவிட்டனர். அந்த நட்டத்தை எந்தக் கணக்கிலும் எழுதவில்லை.

இங்கு ஒரு நடைமுறைச் செய்தியையும் சொல்ல வேண்டும். எமது நாட்டிலே தமிழ் நூலொன்று பெரும்பாலும் சில நூறு பிரதிகளே அச்சிடப்படுகின்றது. எழுதியவரே கைப்பணம் போட்டு அச்சிட்டு, வெளியீட்டு விழா நடத்தி, எஞ்சியவற்றைக் கட்டிலின் கீழ் அடுக்கி வைக்கிறார். ஊரூராகக் கொண்டு சென்று விற்போர் அரியர், விளம்பரமும் இல்லை. ஆதலின் ஒரு நூல் உயிரோடிருப்பது வாசகர் வாயிலேதான். பத்துப் பேர் பேசினால் வாழும். ஒருவரும் பேசாவிடில், தீயும் வேண்டாம், கடலும் வேண்டாம், கறையானே போதும்.

இந்நிலையை மாற்ற உழைப்போரை நன்றியுடன் குறிப்பிடுகிறோம். இங்கிலாந்தில் வாழும் நூலகவியலாளர் என். செல்வராஜா, 2002 முதல் 'நூல்தேட்டம்' என்னும் தொகுதிகளில் ஈழத்துத் தமிழ் நூல்களைத் தொகுதிக்கு ஆயிரமாகப் பதிந்து வருகிறார். 2005-இல் தொடங்கிய 'நூலகம்' திட்டம், பழைய நூல்களையும் சஞ்சிகைகளையும் பக்கம் பக்கமாகப் படம்பிடித்து, எவரும் காசின்றி வாசிக்க இணையத்தில் வைத்திருக்கின்றது. வாசல் அகலத் திறந்துதான் இருக்கிறது. எனினும் ஆயிரம் அறைகளுள்ள மாளிகையில், பதினாறு வயதுப் பிள்ளை எந்த அறைக்கு முதலிற் செல்லும்? கையைப் பிடித்து அழைத்துச் செல்ல ஒரு வாப்பாவோ, ராத்தாவோ, ஆசிரியரோ, தோழனோ வேண்டும்.

அழைத்துச் செல்லும் முறையிலும் கவனம் வேண்டும். இக்காலத்தில் ஒரு நூலின் அட்டையைப் படம்பிடித்து, 'அருமை' என்று ஒற்றைச் சொல் எழுதிக் கைத்தொலைபேசியில் நூறு பேருக்கு அனுப்பிவிட்டால் கடமை முடிந்தது என்று கருதுகின்றனர். நூறு பேருக்குச் சொன்னது ஒருவருக்கும் சொன்னதாகாது. "உனக்கு இந்தப் புத்தகம் பிடிக்கும், ஏனென்றால் உனக்கு இன்ன குணம்" என்று ஒருவரை நோக்கிச் சொல்லும்போதே அது உள்ளத்திற் பதிகின்றது. நூலை அறிந்தாற் போதாது, வாசிக்கப் போகிறவரையும் அறிந்திருக்க வேண்டும்.

பிடிக்காததையும் ஒளியாமற் சொல்ல வேண்டும். எமக்குச் சலிப்பூட்டிய பகுதி இது, எமக்கு உடன்பாடில்லாத கருத்து இது என்று சொன்னால், கேட்பவர் எமது புகழுரையையும் நம்புவார். எல்லா நூலையும் ஒரே வாயாற் புகழ்பவரின் சொல்லை இரண்டாம் முறை எவர் கேட்பார்? எமது ஊர் எழுத்தாளர் நூலாயினும் இதே நீதிதான். உறவினர் என்பதற்காகப் போர்த்தும் பொன்னாடை நூலை வாழவைக்காது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பாடசாலையும் ரியூசனும் முடிந்து களைத்து வரும் பிள்ளையிடம், "புத்தகம் வாசி" என்று அதட்டுவதால் வாசிப்பு வாராது. நீங்கள் வாசித்த ஒரு கதையைச் சோற்று நேரத்திற் பாதி சொல்லி நிறுத்திப் பாருங்கள். மீதியைத் தேடிப் பிள்ளை தானே வரும். சீறாப்புராணத்தையும் மசலாக்களையும் ஒருவர் வாசிக்கப் பலர் சுற்றியிருந்து கேட்ட சமுதாயம் எங்களுடையது. எழுத்தறியாத மூத்தம்மாமாருங்கூடக் கேட்டறிந்த கதைகளைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். அவர்களும் ஆற்றுப்படுத்தியவர்களே.

மாணவர்களுக்கும் ஒன்று சொல்லுவோம். இந்த வாரம் ஒரு நூலைத் தெரிந்தெடுங்கள். கொப்பியில் அரைத்தாள் கிழித்து, அது யாருக்கு ஏற்றது, எங்கே இனிக்கும், எங்கே இடறும் என்று நான்கே வரி எழுதுங்கள். உள்ளே வைத்து ஒரு தோழனிடம் கொடுங்கள். கூடுமானால் அந்தத் தோழன் அடுத்த ஊரவனாக இருக்கட்டும். மருதமுனைப் புத்தகம் பாண்டிருப்புக்கும், காரைதீவுப் புத்தகம் சாய்ந்தமருதுக்கும் போகட்டும். திரும்பி வந்தால் மகிழ்ச்சி. வாராவிடினும், எங்கோ ஒரு வீட்டில் அது வாசிக்கப்படுகின்றது என்று நம்பியிருப்போம்.

எமது அலுமாரிக்கு இப்போது பூட்டில்லை. முன்னர் நூறாக இருந்தவை இன்று எழுபதாகக் குறைந்திருக்கின்றன. மீதி முப்பதும் எங்கே என்று வீட்டார் கேட்கும்போதெல்லாம், கொடுத்து வைத்திருக்கிறோம் என்றே விடை சொல்லுகிறோம்.