‘எஸ்டேட் இஷ்யூஸ்’ என்று யாருக்காகச் சொல்கிறோம்?

ஹட்டன் டவுனில் எந்தக் கருத்தரங்குக்குப் போனாலும் இந்த வார்த்தை காதில் விழும்: ‘எஸ்டேட் இஷ்யூஸ்’. சம்பளம் பத்தலையா, இஷ்யூ. லயத்துக் கூரை ஒழுகுதா, அதுவும் இஷ்யூ. மண்சரிவும் இஷ்யூதான். எல்லாத்தையும் திரையில் ஐந்து புள்ளியாகப் போட்டு, தேத்தண்ணிக்கு முன்னாலேயே முடித்துவிடலாம்.

எங்களுக்கு ஆங்கிலத்தோடு சண்டை இல்லை. லயம், நோம், பெரட்டு எல்லாம் துரைமார் வாயிலிருந்து வந்து நம்ம வாயில் உருண்டு நம்ம சொல்லானவைதான். ஆனால் இஷ்யூ என்று சொன்னதும், மழை மாதிரி அது தானா வந்தது, யாரும் எதுவும் செய்யலை என்று ஆகிவிடுகிறது.

நம்ம பாட்டிமார் அப்படிப் பேசலை. ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். நோமுக்குக் கொழுந்து குறைஞ்சா ‘அரைப்பேர்’. விடிய பெரட்டுக்குப் போய், அட்டைக்கடி பட்டு, நாள் முழுக்க மலையில் நின்றவளுக்குப் பாதிதான் எழுதுகிறார்கள். அந்தச் சொல்லில் செக்ரோலில் எழுதிய கையும் தெரியும், வெட்டின காசும் தெரியும்.

இன்னொன்று. 1948 குடியுரிமைச் சட்டம் நம்மவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பிரித்தது. மிச்சம் 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பங்கு போட்டார்கள். காகிதத்தில் இதற்குப் பெயர் ‘ரிபேட்ரியேஷன்’, அதாவது தாயகம் திரும்புதல். இங்கேயே பிறந்தவர்களை ஏற்றிக்கொண்டு தலைமன்னாருக்குப் போன ரயிலுக்கு மலையகம் வைத்த பெயர் ‘ஒப்பாரிக் கோச்சி’.

“அறிக்கை எழுத, வெளியாளுக்குப் புரிய, பொதுவான சொல் வேணுமே” என்கிறார்கள். 1000 ரூபாய் கேட்டுத் தெருவில் இறங்கியவர்கள் பொதுவாகப் பேசினார்களா? தொகையைச் சொன்னார்கள். நாட்டுக்கே புரிந்தது. 2021 மார்ச்சில் வர்த்தமானியிலும் வந்தது. கம்பெனிகள் உடனே நீதிமன்றம் போனது வேறு கதை. அவர்களுக்கும் நல்லாத்தான் புரிந்திருக்கிறது.

கொழும்பில் கூட வேலை செய்கிறவன் “ஒங்க ஊர்ல என்ன மச்சான் பிரச்சினை?” என்று கேட்டால், “எங்கம்மாவுக்கு நேத்து அரைப்பேர் போட்டாங்க” என்று சொல்லிப் பாருங்கள். “அப்படின்னா என்ன?” என்று கேட்பான். உட்கார வைத்துச் சொல்லுங்கள்.