யார் சோதனை எலி?

மருந்து ஆய்வு என்று டாக்டர் வாயெடுத்தால் போதும், "நம்மள எலியா வெச்சுப் பாக்கறாங்க, கையெழுத்துப் போட்டுடாதே" என்று சொல்ல எங்கள் பிள்ளையார்பாளையத்தில் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். விடியற்காலையில் தெருவில் நெசவுப் பாவை இழுத்துக் கட்டி, ஆளுக்கொரு முனையில் நின்று இழை சரிபார்த்தபடியே தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். அறுந்த ஒரு இழையைத் தேடிப் பிணைக்க அத்தனை பொறுமை காட்டுகிறவர்கள், ஒரு உயிர் விஷயத்தில் படிவத்தைப் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை. இது ஆளைக் கொல்லும் தப்பு.

பயத்துக்குக் காரணமே இல்லையென்று சொல்ல மாட்டேன். 2009இல் கம்மம் மாவட்டத்தில் ஒரு ஆய்வுக்காகச் சிறுமிகளுக்கு ஹெச்பிவி தடுப்பூசி போட்டபோது, பெற்றோர் போட வேண்டிய கையெழுத்தைப் பல இடங்களில் விடுதிக் காப்பாளர்களே போட்டார்கள். அநியாயம். பெற்றவர்களைக் கேட்காமல் விட்டதுதான் அங்கே நடந்த குற்றம். அதற்காக ஆய்வே கூடாதென்றால் இழப்பு யாருக்கு?

திண்டுக்கல் மாவட்டத்தைப் பாருங்கள். 2000இல் தொடங்கிய ஆய்வில் 30 முதல் 59 வயதுப் பெண்களின் கருப்பை வாயில் செவிலியர்கள் அசிட்டிக் அமிலம் தடவி, வெறுங்கண்ணால் பார்த்தார்கள். வெள்ளையாக மாறிய இடம் சந்தேகத்துக்குரியது. அவ்வளவுதான் பரிசோதனை. பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட பெண்களிடையே கருப்பை வாய்ப் புற்றுநோய்ச் சாவு 35 சதவீதம் குறைந்ததென்று 2007இல் முடிவு வெளியானது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் நம் வீட்டுப் பெண்களுக்குச் செய்கிற சோதனைக்குப் பின்னால் அந்தக் கிராமத்துப் பெண்கள் இருக்கிறார்கள். குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு அடையாறு, மும்பை, டெல்லி மருத்துவமனைகள் 1980களில் ஒரே சிகிச்சை முறையைச் சேர்ந்து பின்பற்றியதால்தான் பிழைக்கும் பிள்ளைகளின் கணக்கு மாறியது. பக்கத்து வேலூர் சிஎம்சியில் கடுமையான ஹீமோஃபீலியா உள்ள ஐந்து பேருக்கு மரபணு சிகிச்சை செய்தார்கள். அவர்களுக்கு ரத்தக்கசிவு நின்றதென்று 2024 டிசம்பரில் அறிவித்தார்கள்.

"பாதிப் பேருக்கு வெறும் சர்க்கரை மாத்திரை" என்பது இன்னொரு கதை. நிரூபணமான சிகிச்சை இருக்கும் புற்றுநோயில், புது மருந்தோடு ஒப்பிடும் பிரிவினருக்கு வழக்கமாக அந்தச் சிகிச்சையையே கொடுக்கிறார்கள்.

புது மருந்து பலிக்காமலும் போகலாம், முதல் கட்ட ஆய்வில் அந்த வாய்ப்பு அதிகம். ஆகவே எந்தக் கட்டம் என்று கேளுங்கள். பாதிப்பு வந்தால் சிகிச்சைச் செலவு யாருடையது, இழப்பீடு எவ்வளவு? மருந்து ஆய்வுகளுக்கான 2019 விதிகள் இரண்டையும் உறுதி செய்கின்றன. எப்போது வேண்டுமானாலும் விலகலாம், அதனால் வழக்கமான சிகிச்சை நிற்காது. படிவத்தைத் தமிழில் வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோய், படிக்கத் தெரிந்த பிள்ளையை விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். கேள்விக்கு முகம் சுளிக்கிற டாக்டராக இருந்தால், அப்போது மறுத்துவிடுங்கள்.