காதுக்கு ஓர் அகராதி

நிகண்டு என்றாலே நம்மில் பலருக்குக் கொட்டாவி வரும். தமிழ்த் தேர்வுக்கு முதல்நாள் இரவு திவாகரம், பிங்கலம், சூடாமணி என்று மூன்று பெயர்களை உருப்போட்டு, தேர்வு முடிந்த கையோடு மறந்துவிடுகிறோம். ஆனால் அந்த நூல்கள் ஏன் பாட்டாக இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்ததுண்டா? ஏடு எல்லார் கையிலும் இல்லாத காலம் அது. ஆசிரியர் சொல்ல, மாணவன் காதால் கேட்டு நெஞ்சில் நிறுத்திக்கொள்ள வேண்டும். அதற்குப் பாட்டுத்தான் வசதி. ஆகவே நிகண்டு என்பது காதுக்கென்று பிறந்த அகராதி என்பது என் துணிபு. அந்தத் திண்ணையில் பார்வையற்ற மாணவனுக்கும் இடம் இருந்தது. பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த அந்தகக்கவி வீரராகவ முதலியார் பிள்ளைத்தமிழும் கோவையும் புராணமும் பாடியவர். முதுகில் எழுத்தை எழுதிக்காட்டச் சொல்லிக் கற்றார் என்று அவரைப் பற்றிய செவிவழிச் செய்தி கூறுகிறது.

பிறகு காலம் மாறியது. வீரமாமுனிவரின் சதுரகராதி 1732ஆம் ஆண்டில் எழுந்தது. அச்சு இயந்திரம் பரவியது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. இலட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள் அதில் உள்ளன. தமிழன் பெருமைப்பட வேண்டிய உழைப்பு அது. ஆனால் அகராதி ஏட்டை விட்டு அச்சுக்கு வந்தபோது காதை விட்டுக் கண்ணுக்கு வந்துவிட்டது. ஆறு பெருந்தொகுதிகளையும் பிரெயில் புள்ளிகளில் அடித்தால் அடுக்கி வைக்க நம் விடுதி அறை போதாது.

எனக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். பாடத்தில் ஒரு சொல் விளங்காவிட்டால் வீட்டில் கேட்க ஆளில்லை. பள்ளியில் பரிசாகக் கிடைத்த கையகல அகராதிதான் எனக்கு அண்ணனும் அக்காளும். வகுப்பில் எழுந்து ‘இதற்கு என்ன பொருள், ஐயா?’ என்று கேட்கும் துணிவு நம்மில் எத்தனை பேருக்கு உண்டு? அகராதியின் பெருமையே அதுதான். அது நம்மைப் பார்த்துச் சிரிக்காது. ஒரே சொல்லைப் பத்து முறை கேட்டாலும் சலிக்காது.

ரமணாசிரமம் பகுதியில் அறை எடுத்துத் தங்கி, நம் கல்லூரியில் தமிழ் இலக்கியம் பயிலும் நண்பன் ஒருவன் எனக்கு உண்டு. பிறவியிலேயே பார்வை இல்லை. ரமணரின் அட்சரமணமாலையை முழுவதும் காதால் கேட்டே பாடம் செய்தவன். அதன் 108 கண்ணிகளும் அகரவரிசையில் தொடங்குவதால் அடுத்தது எது என்பதில் அவனுக்குத் தடுமாற்றமே வராது. அகரவரிசை அவனுக்கு இத்தனை பழக்கம், அகராதிதான் எட்டவில்லை. “ஒரு சொல்லுக்காக எத்தனை தடவைடா உன்னைக் கூப்பிடுவேன்?” என்று ஒருநாள் கேட்டான். நான் சலித்துக்கொண்டதே இல்லை. ஆனாலும் கேட்க வேண்டியிருக்கிறதே என்பதுதான் அவன் வருத்தம்.

கணிப்பொறி இந்த வருத்தத்தைத் தீர்க்கக்கூடியது. திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் மென்பொருள்கள் வந்து பல்லாண்டுகள் ஆகின்றன. அவற்றுள் என்.வி.டி.ஏ. என்பதை 2006ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் தொடங்கினார். அவருடன் சேர்ந்து உழைத்த ஜேம்ஸ் டே என்பவரும் பார்வையற்றவரே. அது இலவசம். தமிழும் படிக்கும். தமிழ்ப் பேரகராதியோ சிகாகோ பல்கலைக்கழகத்தின் இணையதளத்திலேயே தேடக் கிடைக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகமும் அகராதிகளைத் தந்திருக்கிறது. பிறகென்ன குறை?

குறை இருக்கிறது. நாங்கள் இருவரும் சில மாலைகள் உட்கார்ந்து பார்த்ததில் தெரிந்தது. இயந்திரக் குரல் விரைந்து படிக்கும்போது வலி, வளி, வழி மூன்றும் ஏறத்தாழ ஒன்றாகவே காதில் விழுகின்றன. என் பாடநூலின் ‘வளிமண்டலம்’ அவனுக்கு ‘வலி மண்டலம்’ ஆயிற்று. பௌதிகம் படிப்பவன் என்ற முறையில் அதுவும் பொருத்தம்தான் என்றேன், சிரித்தான். அம்புக்குறி விசையை அழுத்தி எழுத்தெழுத்தாகக் கேட்கலாம். அப்போதும் அது எந்த ‘ல’ என்று செவி கூர்ந்தே அறிய வேண்டும்.

அடுத்து, பாடலில் ‘சென்றனன்’ என்று இருந்தால் அகராதியில் ‘செல்’ என்றுதான் தேட வேண்டும். அச்சு நூலில் நம் கண் பக்கத்தின் மேலும் கீழும் ஓடி, அண்டைச் சொற்களைப் பார்த்து வேரைப் பிடித்துவிடும். கேட்பவனுக்கு அண்டைச் சொல் கிடையாது. ‘இல்லை’ என்ற விடை மட்டுமே கிடைக்கும். தேடிய சொல்லின் முன்னும் பின்னும் உள்ள ஐந்தைந்து சொற்களை அகராதி காட்டினால் பாதித் தொல்லை தீரும். பொருளுக்கு முன்னால் தலைப்பு என்று முறையாகக் குறித்துவிட்டால், ‘எச்’ விசை ஒன்றை அழுத்தி நேரே அங்கே தாவலாம். இல்லையேல் பக்கத்தின் மேலே உள்ள இணைப்புகளை எல்லாம் கேட்டுத் தீர்த்த பின்னரே பொருளுக்கு வர முடியும். தமிழ் எது, ஆங்கிலம் எது என்று பக்கத்துக்குள் குறித்தால்தான் மென்பொருள் குரலைச் சரியாக மாற்றும். இவற்றுள் எதுவும் பெருஞ்செலவு பிடிப்பதல்ல. செய்தவர் மனத்தில் காதால் படிப்பவர் தோன்றவில்லை, அவ்வளவே.

இந்தக் குற்றச்சாட்டில் நமக்கும் பங்குண்டு, நண்பர்களே. பாடக் குறிப்புகளைப் படம் பிடித்துக் கைப்பேசியில் அனுப்புகிறோம். படத்தில் உள்ள சொல்லைப் பிரித்தெடுத்து அகராதியில் இட முடியுமா? பழைய பாமினி எழுத்துருவில் தட்டிய குறிப்போ இன்னும் வேடிக்கை. திரையில் ‘அம்மா’ என்று தெரியும். உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள். மென்பொருள் ‘எம், கே, அரைப்புள்ளி, கே, எச்’ என்று படிக்கும். தமிழக அரசு 2010ஆம் ஆண்டிலேயே ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டுவிட்டது. நாம் இன்னும் மாறி முடியவில்லை.

‘கைப்பேசியிடம் வாய்விட்டுக் கேட்டால் பொருள் சொல்லுமே, அகராதி எதற்கு?’ என்பார் உளர். நூலகத்தில் நாற்பது பேர் நடுவே வாய்விட்டுக் கேட்பது எப்படி? கேட்டாலும் ‘வளி’ என்றதற்கு ‘வலி’க்குப் பொருள் வரலாம். தவிரவும், இன்னாரால் தொகுக்கப்பட்டது, இன்ன நூலில் ஆட்சி உண்டு என்று சான்று காட்டுவது அகராதி. இலக்கிய மாணவனுக்கு அந்தச் சான்றும் வேண்டும். ‘நண்பர்கள் படித்துக் காட்டலாமே’ என்பது மற்றொரு வாதம். படித்துக் காட்டுவோம். ஆனால் இரவு பதினொரு மணிக்கு அவனுக்கு ஒரு சொல் தைத்தால், என் உறக்கத்தை எண்ணி அவன் அதை அப்படியே விட்டுவிடுகிறான். அப்படி விட்ட சொற்கள் எத்தனையோ!

மாற்றுத்திறனாளிகளுக்கு அரசுக் கல்லூரிகளில் ஐந்து விழுக்காட்டுக்குக் குறையாத இடம் என்று 2016ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. இடம் கொடுத்தபின் புத்தகத்தையும் கொடுக்க வேண்டாமா? பேராசிரியப் பெருமக்கள் குறிப்புகளை ஒருங்குறியில் தட்டச்சு செய்த கோப்பாகத் தர வேண்டுகிறேன். நூலகத்தில் அகராதி அலமாரிக்குப் பக்கத்திலேயே ஒரு கணிப்பொறியும் காதில் மாட்டும் கருவி ஒன்றும் வைக்கப்பட வேண்டும். மென்பொருளை நிறுவி, தமிழ்க்குரலைச் சேர்த்து, அகராதிப் பக்கங்களைக் குறித்து வைக்கும் வேலையை எங்கள் வகுப்பில் மூவர் ஏற்கத் தயாராக இருக்கிறோம். ஒரு பிற்பகல் போதும். நாளைக் குறித்துத் தந்தால் வந்துவிடுவோம்.